ஏழெட்டு ஐம்பத்தாறு

குடியாத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் பையன் அழுத சத்தம் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று நீ கேட்கிறாய், அவன் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து நடுவில் தொலைத்துவிடுகிறான், நீ அதட்டுகிறாய். ஆபீஸ் முடிந்து வந்து சமையலும் பார்த்து வீட்டுப்பாடமும் பார்ப்பவளுக்குப் பொறுமை எங்கிருந்து மிஞ்சும்? உன் மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு. ஆனால் அவனுக்கு மண்டையில் ஏறவில்லை என்று சொன்னாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு நாள் சத்துணவுக்கு வந்த முட்டை அட்டையைக் காட்டி, இதில் எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டு முப்பது வரை எண்ணினாள். ஐயாறு முப்பது என்று அன்று காலையில்தான் கத்திச் சொல்லியிருந்தாள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு என்பது அவள் கண்ணில் படவே இல்லை. அவளுக்கு நான் சத்தத்தை மட்டும்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் நினைத்தால் உறுத்துகிறது.

உன் ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். கட்டுக்கு 25 பீடி, நாலு கட்டு நூறு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சாயங்காலம் கட்டுகளை அடுக்கி வைத்து ஒரு பார்வை பார்ப்பாள், கணக்கு முடிந்துவிடும். கட்டு கட்டாகப் பார்க்கிற அந்தக் கண் பையனுக்கு முதலில் வரட்டும். படப் புத்தகம் அதற்குத்தான்.

பார்சலில் இரண்டு படக்கதைப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன். கணக்குப் புத்தகம் இல்லை, வெறும் கதைதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே நிறைய இருக்கின்றன, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முதல் தடவை கதையாக மட்டும் படி. கணக்கு என்ற பேச்சே எடுக்காதே. அடுத்த நாள் திரும்பப் படிக்கும்போது ஏதாவது ஒரு படத்தில் நிறுத்து. மூன்று ஆட்டோ நிற்கிறதா, சக்கரம் எத்தனை? நாலு சிலந்தி இருக்கிறதா, கால் எத்தனை? "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேள். விடையை விட அவன் சொல்லும் வழிதான் உனக்கு வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணினால் எண்ணட்டும், தடுக்காதே. இரண்டு மூன்று நாளில் அலுத்துப்போய் அவனே கூட்டம் கூட்டமாகச் சேர்க்க ஆரம்பிப்பான்.

கூடவே ஒரு நோட்டும் இருக்கிறது. அதில் நானே வரைந்திருக்கிறேன். சந்தைப் பக்கத்தில் மூன்று கூறு கத்தரிக்காய், கூறுக்கு நாலு. மூன்றையும் நாலையும் கூட்டி ஏழு என்று சொல்கிற பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் தாங்களே திருத்திக்கொள்வார்கள். வகுப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இலவம்பாடி முள்கத்தரித் தோட்டம், நம் ஊர் காய். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுச் செடி. மேலே ஐந்து வரிசையைக் கையால் மூடச் சொல். ஐயெட்டு நாற்பது அவனுக்குத் தெரியும். மூடாத இரண்டு வரிசையில் பதினாறு. இரண்டையும் சேர்த்தால் ஐம்பத்தாறு. மறந்துபோனாலும் இந்த வழியில் திரும்ப வந்துவிடலாம், ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அப்புறம் நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டு. எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு. செடி ஒன்றுகூடக் குறையவில்லை.

இதை அவன் பிடித்துக்கொண்டால் உன் பாரமும் பாதி குறையும். பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 பெருக்கல். திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து அவனுக்கு ஏற்கெனவே வரும். அவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் 21. இந்த 21-க்காகவா பிள்ளையை அழவிடுவது?

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு ஏட்டை ராகம் போட்டுத்தான் சொன்னார்கள், பின்னக் கணக்கு உட்பட. வாய்க்குப் பழகினால் வேகம் வரும், அது வேண்டியதுதான். கண்ணுக்குப் பழகின பிறகு வாய்க்குப் பழகட்டும். அது போதும்.

கடைசியில் ஒரு பக்கத்தில் மூன்று தட்டு வரைந்திருக்கிறேன். தட்டில் இட்லி ஒன்றுகூட இல்லை. மொத்தம் எத்தனை இட்லி என்று கேள். அவன் என்ன சொன்னாலும் திருத்தாதே, சிரிக்காதே. என்ன சொன்னான் என்று ராத்திரி எனக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அம்மா