நிலாக் கல்லும் குழாய்த் தண்ணீரும்

அன்பு நண்பா,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த பிறகும் கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பொடி எழுத்துகூடத் தெரிகிறது. உன் மகள் முனைவர் பட்டம் வாங்கியதில் உன்னைவிட எனக்குத்தான் அதிகச் சந்தோஷம், அவளிடம் சொல்.

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, நிலாக் கல்லுக்கு ஈயத்தை வைத்து வயது சொல்கிறார்களாம், அதை எப்படி நம்புவது என்று. கண் திறந்ததும் நான் படித்ததே அதைப் பற்றித்தான்.

விஷயம் இதுதான். யுரேனியம் 238 சிதைந்து ஈயம் 206 ஆகிறது, யுரேனியம் 235 சிதைந்து ஈயம் 207 ஆகிறது (ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் உண்டு, அந்த எடைதான் இந்த எண்). முன்னது மெதுவான ஆள், பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு வேண்டும். பின்னதற்கு 70 கோடியே போதும். 235 ஆதியிலேயே வேகமாகச் சிதைந்து தீர்ந்துவிடுவதால், கல் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதில் 207-இன் பங்கு கூடும். யுரேனியத்தை அளக்கக்கூட வேண்டாம், இரண்டு ஈயத்துக்கும் உள்ள விகிதமே வயதைச் சொல்லிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கல்லுக்குள் இருக்கும் 392 கோடி ஆண்டுப் பழைய கனிம மணி ஒன்றில், 206 நூறு அணு இருந்தால் 207 நாற்பது இருக்கும், 425 கோடி என்றால் ஐம்பது. அந்தப் பத்து அணுவுக்குள் 33 கோடி ஆண்டு அடங்கியிருக்கிறது!

ஆனால் அந்த ஈயம் நிலாவுடையதுதானா? நமக்கு முதல் வருட ஆய்வகத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா, காய்ச்சி வடித்த நீர் பாட்டிலில் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி வைக்க, எந்த உப்பைச் சோதித்தாலும் தண்ணீரில் இருந்த குளோரைடே வெள்ளி நைட்ரேட்டில் வெள்ளையாகப் படிந்து, வகுப்பு மொத்தமும் குளோரைடு என்று எழுதிக் கொடுத்தோமே. ஈயமும் அப்படித்தான். தூசி, அமிலம், மெருகேற்றும் தட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது, கல்லை அறுத்து மெருகேற்றும்போது விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1956-இல் பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று ஈயத்தை வைத்துச் சொன்ன கிளேர் பேட்டர்சன் முதலில் இதோடுதான் மல்லுக்கட்டினார், ஆய்வகத்தையே சுத்த அறையாக மாற்றிய பிறகுதான் அவருக்கு எண் படிந்தது. இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஈயம் 204 எந்தச் சிதைவிலிருந்தும் வருவதில்லை. அது தென்பட்டால், ஒன்று கல் உருவானபோதே இருந்த ஈயம், இல்லையென்றால் பிறகு ஒட்டிக்கொண்டது. நிலாவில் ஆதியிலிருந்தே ஈயம் குறைவு என்பது அதிர்ஷ்டம்.

சரி, இனிதான் எனக்குப் பிடித்த இடம். கல்லின் வயது என்று நாம் சொல்கிறோமே, அப்படி ஒன்று இல்லை. விண்கல் மோதி நொறுங்கி, உருகி, மறுபடி ஒட்டிய பிரெச்சியாப் பாறைக்குள் பல தலைமுறை மணிகள் கலந்து கிடக்கும். அதில் சிர்க்கான் என்ற கனிமம் பிடிவாதக்காரன், நன்றாகச் சுட்டாலும் உள்ளே இருக்கும் ஈயத்தை எளிதில் விடாது. அப்போலோ 17 கொண்டுவந்த ஒரு பிரெச்சியாவில் 442 கோடி ஆண்டுப் பழைய சிர்க்கான் கிடைத்திருக்கிறது. அபடைட், மெரிலைட் போன்ற பாஸ்பேட் மணிகள் அப்படி இல்லை, சூடு பட்டதும் ஈயத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மோதலின் தேதி வேண்டுமென்றால் பழையதை மறந்த மணியைத்தான் கேட்க வேண்டும். ஈயத்தை அளக்க, அயனிக் கற்றையை (மின்னூட்டம் ஏறிய அணுக்களின் மெல்லிய கற்றை) அந்த மணியில் ஒரு புள்ளியில் குத்துகிறார்கள், தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு. அப்போலோ 14 இறங்கிய ஃப்ரா மௌரோ பாறைகளில் இப்படிப் பார்த்ததில் ஏறக்குறைய 392 கோடி ஆண்டு என்று வந்தது, பிழை 20, 30 லட்சம்தான். நிலாவில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் அகலமான இம்ப்ரியம் பள்ளத்தைத் தோண்டிய மோதலின் தேதி அது என்கிறார்கள்.

அப்புறம், நீ கல்லூரி நோட்டில் வரைந்த படம். 390 கோடி ஆண்டுக்கு முன்னால் நிலாவின்மேல் கல்மழை கொட்டியது என்று மோதல்களின் வரைபடத்துக்கு நடுவில் ஒரு கோபுரம் போட்டிருந்தாயே. 1974-இல் டெரா, பாப்பனஸ்டாசியூ, வாசர்பர்க் என்ற விஞ்ஞானிகள் மூவரும் சொன்னது அது, நிலாக் கற்களின் வயது எண்கள் திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே வந்து விழுந்ததால். எனக்கு இப்போது அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அப்போலோ இறங்கிய ஆறு இடமும் நிலாவின் இந்தப் பக்கம்தான், இம்ப்ரியம் வாரியிறைத்த குப்பைக்கு எட்டுகிற தூரம். ஒரே மோதலின் குப்பையைத்தான் எல்லா இடத்திலும் அளந்தார்களோ, மறுபடியும் அதே குழாய்த் தண்ணீர் பாட்டில் கதைதானோ என்று தோன்றுகிறது.

2024-இல் சீனாவின் சாங்கே-6 விண்கலம் நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் அள்ளி வந்ததே, அதிலிருந்த சில துணுக்குகள் 425 கோடி ஆண்டு காட்டுகின்றன. அந்தப் பக்கத்தில் இருக்கும் தென் துருவ-எயிட்கன் என்ற மோதல் பள்ளம் உண்டான காலம் அது என்பது அவர்கள் வாதம். ஈயம் சொன்ன எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் துணுக்கு அந்த மோதலில் உருகியதுதான் என்பது ஈயம் சொல்வதல்ல, மனிதர்கள் சொல்வது. சண்டை போடுவதென்றால் அங்கே போடு.

அந்த நோட்டு இன்னும் இருந்தால் கோபுரம் வரைந்த பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நீ எழுதிய எண்களையும் பார்க்க வேண்டும், அந்த வயதில் நீ கூட்டலில் கொஞ்சம் மோசம்.

உன் பழைய ஆய்வக ஜோடி