காலைநடைச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை: மேக்கரைக்கு மேலே ஒரு காடு

தலைவர் அண்ணாச்சிக்கும், பொருளாளர் அக்காவுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு நாளைக்கு என்னிடம் போனில் கேட்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவை அக்கா வாசிப்பார், அதில் நான் கை வைக்கவில்லை. இந்த ஆண்டு சொல்ல வேண்டியதெல்லாம் மலையடிவார ஊரான மேக்கரைக்கு மேலே உள்ள காட்டில் நாம் நடந்ததைப் பற்றித்தான்.

செங்கோட்டைக்காரர்களுக்குக் காடு என்றால் குற்றாலம், அதை விட்டால் எல்லை தாண்டிப் பாலருவி, தென்மலை. பண்பொழி வழியாக அச்சன்கோவிலுக்குப் போகிறபோது கார் ஜன்னலில் ஒரு காடு ஓடுகிறதே, இதற்கு முன் அதில் இறங்கி நடந்தவர் நம்மில் யாரும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது நம் மாவட்டத்தில் குற்றாலம் செண்பகாதேவி பக்கம்தான் பேச்சு, மேக்கரையை யாரும் நினைக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்பது என் கருத்து.

அனுமதி வாங்கிய கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். காப்புக்காடு என்பதால் வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் கால் வைக்க முடியாது. மனு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் சாரல் காலமே முடிந்துவிட்டது. அப்புறம் எல்லை வேறு. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூரின் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அதனால் மலை முகட்டைத் தாண்டிவிட்டால் அது அச்சன்கோவில் வனக்கோட்டம், அங்கே நம் கடிதம் செல்லாது. முகட்டுக்குக் கீழேயே திரும்புவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம், அதில் வருத்தமும் இல்லை.

ஏன் இவ்வளவு குறைவாகப் போனோம் என்று சிலர் கேட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் அடிக்கும், அப்போது அந்தக் காட்டில் அட்டையைத் தட்டிவிடவே நேரம் போதாது, புகையிலைத் தண்ணீர் தடவினாலும் சாக்ஸுக்குள் இரண்டு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழை. மாசி பிறந்தால் புல் காய்ந்து தீக்காலம் வந்துவிடும், 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு அந்த மாதங்களில் யாரையும் உள்ளே விடுவதில்லை, விடவும் கூடாது. மிச்சம் இருப்பது மார்கழியும் தையும்தான்.

அதிகாலையில் கிளம்புவதா, எட்டு மணிக்குக் கிளம்புவதா என்று நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். காலைநடைச் சங்கம் வெயில் ஏறிய பிறகு நடப்பதா என்று கேலி செய்தார்கள். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். யானை ராத்திரி வடகரை, மேக்கரைத் தோப்புகளில் இறங்கித் தென்னையையும் வாழையையும் தின்றுவிட்டு, விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்புகிறது. நாம் ஆறு மணிக்கு ஏறினால் அது வீட்டுக்குப் போகிற வழியில் நாம் எதிரே நிற்போம். ஒரு நாள் ஒடித்துப் போட்ட மூங்கிலும் ஈரம் காயாத யானை லத்தியும் கண்டு அவர் பாதி வழியில் திருப்பிவிட்டபோது முணுமுணுத்தவர்களுக்கும் இதுதான் பதில். எட்டு மணிதான், இனி விவாதம் இல்லை.

காட்டுக்குள் நான் அதிகம் நின்றது மரங்களுக்கு முன்னால். சரிவு முழுக்கக் கருமருது, பட்டை முதலைத் தோல்போல் வெடித்துக் கிடக்கும். அதன் பங்காளியான நீர்மருது ஓடைக்கரையை விடாது, பட்டை வெளுத்து வழவழவென்று இருக்கும். மேலே நின்று பார்க்கும்போது வெள்ளை அடிமரங்கள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் ஓடுகிறது, இல்லை ஓடியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வரைபடத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வேங்கை மரத்தில் யாரோ வெட்டிய இடத்தில் சிவப்புப் பிசின் வழிந்து உறைந்திருந்தது. சர்க்கரை உள்ள உறுப்பினர்கள் சிலர் உடனே ஒரு துண்டு கட்டை கிடைக்குமா என்று ஆரம்பித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து சுள்ளிகூட எடுக்கக்கூடாது, சர்க்கரைக்குத் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிற வேங்கைக் குவளை வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள்.

மலையணிலைப் பெரும்பாலும் காதால்தான் பார்த்தோம், மேலே அதட்டுகிற சத்தம், நிமிர்வதற்குள் வால் மட்டும் தெரியும். உண்ணிச்செடி மண்டிய இடங்கள்தான் மனதைக் கெடுத்தன. புல் முளைக்க இடமில்லை, மானுக்கு அங்கே என்ன வேலை?

அடுத்து, வீடியோ விஷயம். இளைஞர்கள் இரண்டு பேர் பாதையை ரீல்ஸாகப் போட வேண்டும், சங்கத்துக்குப் பெயர் வரும் என்கிறார்கள். மரத்தின் படம் போடுங்கள், எங்கே ஏறி எங்கே இறங்கினோம் என்பதைப் போடாதீர்கள். குற்றாலத்தில் சீசன் முடிந்த மறுநாள் ஷாம்பு பாக்கெட்டுகளுக்கு நடுவே நடந்து பார்த்தவர்கள் என்னோடு வாதாட மாட்டார்கள் என்று நம்புகிறேன். இன்று இதை வாக்கெடுப்புக்கு விடுகிறோம், என் வாக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி நடைக்கான மனுவை இந்த முறை ஆடியிலேயே கொடுக்கப் போகிறோம். ஆதார் நகலும், 60 வயது தாண்டியவர்கள் மருத்துவச் சான்றும் இந்த மாதக் கடைசிக்குள் என்னிடம் தர வேண்டும். நகலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வனத்துறையில் அதைத்தான் கேட்கிறார்கள்.

செயலாளர்