வாங்குவதற்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்

மழலையர் வகுப்புகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டுக்கான புத்தகக் கட்டு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் எழுதி, முத்திரை குத்தியாயிற்று. பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, சிரிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து நீங்கள் கேட்டபடி அனுப்பியும் ஆயிற்று. (போட்டோ எடுத்த கையோடு புத்தகங்களைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டோம். அது போட்டோவில் தெரியாது.) ஆக, உங்கள் கணக்கில் வேலை முடிந்தது. என் கணக்கில் முடியவில்லை. அதனால் இந்த மடல்.

கட்டில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான். உரையோடு திருக்குறள். தேசத் தலைவர்கள் வரலாறு, தலைவருக்கு ஒரு பக்கம் வீதம், பொடி எழுத்தில். பொது அறிவு வினா விடை. அப்புறம் நீதிக்கதைகள், நீதிக்கதைகள், இன்னும் கொஞ்சம் நீதிக்கதைகள். எல்லாமே நல்ல புத்தகங்கள்தான், ஆறாம் வகுப்புக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு நாலு வயது, ஐந்து வயது. பலருக்கு 'அ' இன்னும் ஒரு படம்தான்.

பட்டியலில் 'படக்கதை' என்ற தலைப்பின் கீழ் வந்தவற்றைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று பாட்டி வடை சுட்ட கதை. கதை யாருக்கும் புதிதில்லை, அதனால் இதிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்து வாசித்தேன். காகம் கத்தியது, வடை கீழே விழுந்தது, நரி கவ்விக்கொண்டு ஓடியது என்று வந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"மிஸ், வடை விழலையே. காக்கா வாயிலதான் இருக்கு."

இருந்தது. முந்தைய பக்கத்துப் படத்தையே இந்தப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். மரத்தடியில் நரி வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தது. அதற்குள் இன்னொருவன், "பாட்டி எங்க மிஸ்?" என்று கேட்டான். பாட்டி அங்கேதான் இருந்தார். கவுன் போட்டு, தலையில் குல்லாய் வைத்து, புகைக்கூண்டு வைத்த வீட்டு வாசலில், பைன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இணையத்தில் சும்மா கிடைத்த யாரோ ஒரு பாட்டி. பாவம், அவருக்கு வடை என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணெய்ச் சட்டியும் இல்லை, வடையும் இல்லை. அதற்குமேல் கதை நகரவில்லை. வடை விழுந்ததா இல்லையா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. படத்தை நம்பியவர்கள்தான் அதிகம்.

இது உங்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று யோசித்துப் பார்த்தேன். எழுத்தை மட்டும் படித்தால் அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை. ஒற்றுப்பிழைகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். பெரியவர்கள் நாம் எழுத்தைப் படித்துவிட்டுப் படத்தை ஒப்புக்குப் பார்ப்பவர்கள். எழுத்து தெரியாத பிள்ளை படத்தைத்தான் படிக்கும். ஓரத்தில் போகிற எறும்பு வரைக்கும் விடாது. எழுத்து சொல்லாத பாதிக் கதையைப் படம் சொன்னால்தான் அது படக்கதை. மற்றதெல்லாம் படம் ஒட்டிய கதை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு புத்தகத்தை வாங்கலாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், நாலு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து அதை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புத்தகம் நன்றாக இருந்தால் "இன்னொரு தடவை" என்பார்கள். இல்லையென்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். இதைவிட நேர்மையான மதிப்பீட்டுக் குழு எந்த ஊரிலும் கிடைக்காது.

வாசித்துப் பார்த்தால் இன்னும் சில விஷயங்களும் கைக்குத் தட்டுப்படும். உள்ளங்கை அளவுப் புத்தகத்தைப் பிடித்துக் காட்டினால் இரண்டாம் வரிசைக்கே தெரியாது. பளபளப்பான தாள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் பின் சீக்கிரமே கழன்றுவிடும், பிறகு அது யார் வாய்க்குள் போகிறது என்று பார்ப்பதே எனக்கு வேலை. ஒட்டு பைண்டிங் என்றால் விரித்து வைக்க முடியாது, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த யானைக்கு வயிறு மடிப்புக்குள் போய்விடும். கூட்ட அறையில் மேசைமேல் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு புரிகிறது. பக்கத்துக்கு இவ்வளவு, ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களுக்கு) இவ்வளவு என்று கணக்குப் போட்டால் படக்கதை எப்போதும் தோற்றுத்தான் போகும். கறுப்பு வெள்ளையில் நூற்றறுபது பக்கம் வருகிற விலைக்கு, நாலு வண்ணத்தில் கெட்டித் தாளில் பதினாறு பக்கம் கேட்கிறானே என்று பதிப்பாளர்மேல் கோபம் வரும். ஓவியருக்கும் கூலி உண்டு என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதனால்தான் கவுன் போட்ட பாட்டி வந்து நிற்கிறார். ஒரு பயிற்சிக் கூட்டத்தில், எழுத்தே இல்லாத படப்புத்தகங்களும் சில வாங்கலாமே என்று கேட்டேன். வந்திருந்த அதிகாரி சிரித்துவிட்டார். "எழுத்தே இல்லாத புத்தகத்துக்குப் பணம் கொடுத்தா ஆடிட்ல என்னம்மா சொல்றது?" நியாயமான பயம்தான். ஆனால் எழுத்தில்லாத புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளைதான் எனக்குக் கதை சொல்லும். பேசவே பேசாத பிள்ளைகூடச் சொல்லும். அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்த நீதிக்கதைகள் ஒன்றில் நல்ல பையன் ரோஸ் நிறம். திருடுகிற பையன் கறுப்பு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். எங்கள் வகுப்பில் எல்லாரும் என்னைப் போலக் கறுப்பு, அல்லது அதற்கும் ஒருபடி மேல். இதற்கு நான் என்ன விளக்கம் சொல்வது? அந்தப் புத்தகத்தை நானே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வந்த கட்டில் பீரோவில் இருக்கவே தகுதியான புத்தகம் அது ஒன்றுதான்.

மற்றவையும் அங்கேதான் இருக்கின்றன. நாலு வயதுப் பிள்ளை புத்தகத்தைத் தொட்டால் கிழியும், கடிபடும், சில நேரம் ஈரமும் ஆகும். தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவார். குறைந்தால், கிழிந்தால், தலைமையாசிரியர் பதில் எழுத வேண்டும், காசும் கட்ட வேண்டி வரலாம். அவர் பூட்டி வைக்காமல் என்ன செய்வார்? அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆண்டு முடிவில் ஒரு மூலைகூட மடங்காத புத்தகங்களைப் பார்த்து, 'நல்ல பராமரிப்பு' என்று குறிப்பு எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நிதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடுகிற சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில், நூலக நிதி என்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என ஒரு கணக்கு உண்டு. அது தில்லிக்கும் சென்னைக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது தனிக் கதை. வீட்டுவரியோடு ஒவ்வொருவரும் நூலக வரியும் கட்டுகிறோம். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது சீருடை என்ன, நாற்காலி என்ன நிறம் என்று ஊரெல்லாம் பேச்சு. புத்தகம் என்ன என்று கேட்டவர் அப்போதும் குறைவு, இப்போதும் குறைவு. எங்கள் சம்பளத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பேச ஆரம்பித்தால் மடல் முடியாது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் படிநிலை பார்த்துப் புத்தகம் செய்தார்களே, சின்னச் சின்னதாக, படத்தோடு? அதே அக்கறை 'நுழை'க்கும் முந்தின வாசலில் நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்கிறேன். புத்தகம் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957-லிருந்து இருக்கின்றன. சென்னையிலேயே தாரா பதிப்பகம் 1994-லும் தூலிகா பதிப்பகம் 1996-லும் தொடங்கியவை. பிரதம் புக்ஸ் 2015-ல் திறந்த ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், உரிமத்திலேயே அனுமதி இருக்கிறது. இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. அதே பத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பட்டியலை இறுதி செய்வதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் பிள்ளைகள் நடுவில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். குழுவில் மழலையர் வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே, மழலையர் புத்தகங்கள் கிழிந்தால் அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், யாரும் காசு கட்ட வேண்டியதில்லை என்று இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அது வந்தால் அன்றைக்கே பீரோவைத் திறந்துவிடுவோம் என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார்.

வாசித்துக் காட்டப் பிள்ளைகளுக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். எங்கள் வகுப்புக்கே வரலாம். காலை பதினொரு மணி தோதாக இருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடுவார்கள். உறுப்பினர் ஒருவர் நாலைந்து மாதிரிப் படிகளோடு வந்தால் போதும். நாற்காலி எல்லாம் அவர்கள் உயரத்துக்குத்தான் இருக்கிறது, அதனால் தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி