தூய்மை அறையைக் கட்டித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் இயற்பியல் துறையின் க்ளீன்ரூம், அதாவது தூசி புகாத ஆய்வு அறை, இந்தத் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டது. இதுவரை மின்னணுச் சிப்புகள் செய்யும் சிலிக்கான் தகட்டில் ஒரு கோடு வரையவே எங்கள் மாணவர்கள் பெங்களூருக்கு இரவு ரயில் ஏறினார்கள். இந்திய அறிவியல் கழகத்தில், வெளி ஆய்வாளர்களுக்கும் இடம் தரும் ஐ.என்.யு.பி. திட்டத்தில்தான் இந்த வேலையைக் கற்றார்கள். பொறுமையாகச் சொல்லித்தந்த அங்குள்ள பொறியாளர்களுக்கு முதல் நன்றி.

நாங்கள் வரையும் கோடு இரண்டு மூன்று மைக்ரான் அகலம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியே 70 மைக்ரான் வரும். ஒரு தூசி விழுந்தால் பல நாள் உழைப்பு போச்சு. அதனால் இங்கே ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,200-ஐத் தாண்டக்கூடாது. காற்றிலுள்ள நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரை விலை கொடுத்து வாங்கிவிட்டோம். பழைய கட்டடத்தின் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆட்கள் வேண்டியிருந்தது.

வெளியைவிட உள்ளே 15 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தாலும் தூசி உள்ளே வராது. எங்களுக்கோ 6-க்கு மேல் ஏறவே இல்லை. மூன்று நாள் தேடினோம். அப்புறம் காற்று வரும் குழாயான டக்ட் போட்ட அண்ணன் ஒருவர், வெளி வராந்தாவில் ஊதுபத்தியை ஏற்றி, சுவர் இணைப்புகளை ஒட்டியே பிடித்துக்கொண்டு நடந்தார். வயர் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், உள்ளிருந்து கசிந்த காற்றில் புகை சட்டென்று விலகியது. சிலிகான் பசை வைத்து அடைத்ததும் அழுத்தமானியின் முள் ஏறியது. அண்ணே, அன்று ராத்திரி இருந்த களைப்பில் உங்களுக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம், மனதார.

முழங்காலில் நின்று எபாக்சி தளம் இழுத்தவர்கள், வெள்ளை வெளிச்சத்தில் ரெசிஸ்ட் (கோடு வரையத் தகட்டில் பூசும், ஒளி பட்டால் மாறும் பூச்சு) கெட்டுவிடும் என்றதும் விளக்கையெல்லாம் கழற்றி மஞ்சளாக மாற்றிய எலக்ட்ரீஷியன், அமில வேலைக்கு, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் தன் ஃபியூம் ஹூடைத் தந்த வேதியியல் துறை, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

துப்புரவுப் பணி செய்யும் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். துடைப்பம் கூடாது, நார் உதிராத துணிதான் என்று ஒருமுறை சொன்னோம், அவ்வளவுதான். தொப்பி முதலில், அப்புறம் அங்கி, அதன்பின் காலுறை என்று புது மாணவர்களுக்கு இப்போது அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசத்தோடு யாரையும் உள்ளே விடுவதில்லை.

வேலை செய்த எல்லோரும் ஒருநாள் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வராந்தா கண்ணாடி வழியாக முழு அறையும் தெரியும்.

நன்றியுடன்,
இயற்பியல் துறை ஆசிரியர்கள், மாணவர்கள் சார்பில்