சுண்ணாம்பு தடவிய கலயம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, கிணறு எல்லாம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பதனீர் சீசன் முடியப் போகிறது, உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விலை இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது.

உன் மகளோடு நீ போட்ட சண்டையைப் பற்றி எழுதியிருந்தாய் இல்லையா, அதைத்தான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எது குற்றம், யார் குற்றவாளி என்பதைச் சமூகம்தான் உண்டாக்குகிறது என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததாக அவள் சொல்ல, நீ "கொலை எந்தக் காலத்திலும் கொலைதான், திருட்டு திருட்டுதான்" என்று கத்தியிருக்கிறாய். நான் உன் மகள் கட்சி. கொலையை இப்போதைக்கு விட்டுவிடு. நீ பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறாய், உன் வீட்டைச் சுற்றி இருக்கிற தோப்புகளில் தினமும் கள் இறக்குகிறார்கள், அங்கிருந்து வண்டி வண்டியாகக் கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. அந்த வேலை செய்கிறவருக்கு லைசென்ஸ் பெற்ற ஷாப்பு உண்டு, சங்கம் உண்டு, கள்ளுத் தொழிலாளர் நல நிதி வாரியம் உண்டு, வயதானால் பென்ஷன் உண்டு. அதே ஆள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு மரத்தில் அதே வேலையைச் செய்தால் குற்றவாளி. மரம் ஒன்று, பாளை ஒன்று, கை ஒன்று. நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட். புதுச்சேரியில் கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விடுகிறது.

எல்லையைக்கூட விடு, ஒரே மரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பனையேறுகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், நீ இங்கே வந்திருந்தபோது நமக்கு ஓலைப்பட்டையில் பதனீர் ஊற்றிக் கொடுத்தாரே, அவர்தான். காலில் தளைநார் மாட்டி, இடுப்புப் பெட்டியில் பாளை அருவாளோடும் சுண்ணாம்போடும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறுவார். பாளையின் நுனியைத் தாள் மாதிரி மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குவார். அந்தச் சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது, அது பதனீர், அதை இறக்க அனுமதி உண்டு. காய்ச்சினால் கருப்பட்டி, அதற்குப் புவிசார் குறியீடெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பெருமைப்படுகிறோம். சுண்ணாம்பு தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானாகவே நுரைத்துக் கள்ளாகிவிடும், அவர் எதையும் கலக்க வேண்டியதே இல்லை. ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் அவர் பாரம்பரியத் தொழிலாளி, இல்லாவிட்டால் மதுவிலக்குக் குற்றவாளி.

போன மாசம் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு மூட்டு வலி, ராத்திரி படுக்கும் முன்னால் கொஞ்சம் குடிப்பார், அதற்காக ஒரே ஒரு மரத்தில் மட்டும் சுண்ணாம்பு இல்லாமல் கலயம் கட்டியிருந்தார். விற்கவில்லை. போலீஸ் வந்து கீழே நின்றுகொண்டு அவரையே மரத்தில் ஏற்றிக் கலயத்தை இறக்கச் சொன்னார்கள். இறக்கியதும் வாங்கித் தேரி மணலில் போட்டு உடைத்தார்கள், கூடவே சுண்ணாம்பு தடவியிருந்த இன்னும் பத்துப் பதினைந்து கலயத்தையும் சேர்த்து உடைத்தார்கள். அருவாளைக் கைப்பற்றியதாக எழுதிக்கொண்டார்கள். மாசக் கடைசி, ஸ்டேஷனில் கேஸ் கணக்குக் காட்ட வேண்டும் என்று கூட வந்தவர் ஒருவரே என்னிடம் சொன்னார். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை மாற்றிக்கொள்ள மட்டும் இரண்டு நிமிஷம் கேட்டார், அதையும் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை சேகர்.

அவர் பிடிபட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மெயின் ரோட்டில் டாஸ்மாக் கடை இருக்கிறது. கள்ளில் இருப்பது கிட்டத்தட்ட பீர் அளவுக்கு ஆல்கஹால், அங்கே விற்கிற பிராந்தியில் 42.8 சதவீதம். 2003இல் இருந்து சில்லறை விற்பனையே அரசாங்கத்தின் கையில், ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். விற்பது, வாங்குவது, குடிப்பது எல்லாம் சட்டப்படி நடக்கிறது. உடம்புக்கு எது அதிகக் கெடுதல் என்று பார்த்துத்தான் குற்றம் எது என்று முடிவு செய்கிறோம் என்றால், இந்த இரண்டில் எதற்கு முதலில் வழக்குப் போட வேண்டும்? கள்ளில் கலப்படம் வரும் என்பதுதான் அரசு திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம். கலப்படம் நடந்ததும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பாலில் கலப்படம் செய்தால் கலப்படம் செய்தவனைப் பிடிக்கிறோம், மாடு வளர்ப்பதைத் தடை செய்வதில்லையே.

இது எப்படி ஆனது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார். வெள்ளைக்காரன் காலத்தில் 1886 ஆப்காரிச் சட்டம், அதாவது மதுவரிச் சட்டம், வந்தபோது கள் இறக்குவதில் தப்பே இல்லை, லைசென்ஸ் இல்லாமல், மரவரி கட்டாமல் இறக்குவதுதான் தப்பு. வரி ஏய்ப்பு, அவ்வளவுதான். அப்புறம் 1921 வாக்கில் கள்ளுக்கடை மறியல் வந்தது, காங்கிரஸில் இருந்த பெரியார் தன் தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார், அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டில் மறியலுக்குப் போனார்கள். கள் அப்போது பாவமாக மாறியது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி தளர்த்தினார், 1973இல் அவரே கள்ளுக்கடைகளை மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார், 1987 ஜனவரியில் இருந்து மறுபடி தடை. அந்தத் தடைதான் இன்றுவரை. மறியலுக்குத் தன் வீட்டுப் பெண்களை அனுப்பிய பெரியாரே பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்.

இப்போது அண்ணாச்சியின் அப்பாவை நினைத்துப் பார். 1971க்கு முன்னால் அவர் குற்றவாளி. அடுத்த இரண்டு வருஷம் தொழிலாளி. அப்புறம் எட்டு வருஷம் குற்றவாளி. 1981இல் இருந்து தொழிலாளி. 1987 பொங்கலுக்கு மறுபடி குற்றவாளி. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு நாளும் வேலையை மாற்றவில்லை, அதே மரங்கள், அதே அருவாள். கோட்டையில் கையெழுத்துப் போடப் போட இவர் மேலே இருக்கிற பெயர் மாறிக்கொண்டே இருந்தது. அந்த எட்டு வருஷத்தில் விழுந்த பெயரால்தான் அண்ணாச்சியின் அக்காவுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போனது என்று எங்கள் அம்மா சொல்வார்கள். "கேஸ்காரன் வீடு" என்றார்களாம். சட்டம் மாறியபோது அந்தப் பெயரை யாரும் வந்து துடைத்துக் கொடுக்கவில்லை. இப்போது அண்ணாச்சியின் மூத்த பையன் கல்ஃப் போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் முதல் கேள்வியே அப்பா மேலே என்ன கேஸ் என்றுதான் கேட்டாராம்.

உன் மகளுக்கு இன்னொன்று சொல், குண்டர் சட்டத்தின் முழுப் பெயரை எடுத்துப் படிக்கச் சொல். 1982இல் வந்தபோது கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துகிறவர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிக்கிறவர் என்று இருந்தது. பிறகு வனக் குற்றவாளியைச் சேர்த்தார்கள், 2004இல் திருட்டு வி.சி.டி. விற்கிறவனைச் சேர்த்தார்கள், மணல் கடத்துகிறவர், சைபர் குற்றவாளி என்று பெயர் நீண்டுகொண்டே போகிறது. இந்தப் பட்டியலில் வந்துவிட்டால் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பர்மா பஜாரில் சி.டி. விற்ற பையன் 2003இல் யார், 2004இல் யார்?

நீ உடனே, "அப்போ கெடுதல் என்று ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பாய். இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அது வெறும் சமூகம் வைத்த பெயர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடிகாரப் புருஷனிடம் அடி வாங்குகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சேலத்துக்காரர் சசிபெருமாள் மது வேண்டாம் என்று ஆயுள் முழுக்கப் போராடினார், 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவரில் ஏறியபோது உயிரையே விட்டார். அவர் எதிர்த்து நின்றது சட்டப்படி நடக்கிற கடையை. அதே வருஷம் அக்டோபரில் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனை ராத்திரியோடு ராத்திரியாகக் கைது செய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். கெடுதல் ஒரு பக்கம் இருக்கிறது, குற்றம் என்ற பெயர் வேறு பக்கம் போய் விழுகிறது. யாரால் எதிர்த்துப் பேச முடியாதோ அவர்கள் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

திருட்டு திருட்டுதான் என்றாயே, அதற்கும் பதில் இருக்கிறது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்திருந்தால் போதும், எதையும் திருடியிருக்க வேண்டாம், ரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு, மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்துப் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை 1947இல்தான் எடுத்தார்கள். திருட்டு நடக்கும் முன்பே திருடன் தயார். இதை உன் மகளோடு உட்கார்ந்து பேசு, கத்தாதே, அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

சரி, கடைசியாக ஓர் உதவி. அண்ணாச்சி ஜாமீனில் வந்துவிட்டார், ஆனால் இனிமேல் ஏற மாட்டேன் என்கிறார். இளைய பையனுக்கு இருபத்திரண்டு வயது, நன்றாக ஏறுவான், பனைதான் பழக்கம். தென்னையில் பாளையைத் தட்டிப் பதப்படுத்துகிற பக்குவம் வேறு என்று தெரியும், கற்றுக்கொள்வான். உன் பக்கத்துத் தோப்பில் யாராவது ஆள் எடுக்கிறார்களா, வெளி மாநிலத்துப் பையனை நல வாரியத்தில் பதிவு செய்ய முடியுமா, தங்க இடம் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல். ஆடி பிறப்பதற்குள் தெரிந்தால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். வரும்போது கருப்பட்டி எத்தனை கிலோ வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜன்