கோரிங் மட்டுமா ஏமாந்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போலி ஓவியங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஹிட்லரின் வலதுகரமாக இருந்த ஹெர்மன் கோரிங்கின் தலையிலேயே, 17ஆம் நூற்றாண்டு டச்சு மேதை வெர்மீரின் பெயரில் போலி ஓவியத்தைக் கட்டிய டச்சு ஓவியர் ஹான் வான் மீகெரனின் கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஊரை அடித்து உலையில் போட்டவன் ஏமாந்தான் என்றால் நமக்கும் கொஞ்சம் குஷிதான். ஆனால் கட்டுரையாளர் அந்தக் குஷியிலேயே மீகெரனைக் கிட்டத்தட்ட தேசபக்தர் ஆக்கிவிட்டார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கோரிங்குக்கு முன்பே ஏமாந்தவர்கள் மீகெரனின் சொந்த நாட்டுக்காரர்கள். 1937இல் ‘எம்மாவுஸில் உணவு’ என்ற பைபிள் காட்சி ஓவியத்தை வெர்மீரின் கைவண்ணம் என்று சான்று சொன்னவர் கலை அறிஞர் ஆபிரகாம் பிரேடியஸ். டச்சு ஓவியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. வெர்மீர் வரைந்ததாக இன்று நம் கையில் இருப்பவை சுமார் 35 ஓவியங்கள்தான். இளமையில் அவர் இத்தாலியப் பாணியில் பைபிள் காட்சிகள் இன்னும் பல வரைந்திருக்க வேண்டும், அவை எங்கோ மறைந்து கிடக்கின்றன என்று அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். மீகெரன் அந்த நம்பிக்கைக்கு அளவெடுத்து இந்தப் படத்தை வரைந்தார். முசோலினி ஆட்சியில் அல்லல்படும் ஓர் இத்தாலியக் குடும்பம் ரகசியமாக விற்கிறது என்றும் கதை கட்டினார். ரகசியம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் போய் விசாரிப்பது? சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) அது ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்குப் போனது. பேராசை பிடித்த சேகரிப்பாளர் யாரும் அதை வாங்கவில்லை. கொடையாளர்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில் பொதுமக்கள் பார்ப்பதற்காக வாங்கியது அது.

படம் எப்படித் தேறியது என்பதைக் கட்டுரை இரண்டே வரியில் தாண்டிவிட்டது. தூரிகை பிடித்துப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அந்த இடம்தான் ருசி. எண்ணெய் வண்ணம் உள்ளே வரை இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் புது வண்ணம் பஞ்சோடு வந்துவிடும், பழையது அசையாது. அதனால் மீகெரன் எண்ணெயைக் குறைத்து, பேக்லைட் செய்யும் பிசினை வண்ணத்தில் கலந்தார். அந்தக் காலத்துக் கறுப்பு மின் சுவிட்சுகள் இருக்குமே, அதே பேக்லைட். படத்தை அடுப்பில் வைத்து நூறு டிகிரிக்கு மேல் சுட்டால் வண்ணம் கல்லாகிவிடும். துணியும் புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை வாங்கி, மேல்வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பூச்சின் பழைய விரிசல்களை மட்டும் விட்டுவைத்தார். வரைந்து சுட்ட பிறகு உருளையில் சுற்றி விரிசலைப் பெரிதாக்கி, அதற்குள் கறுப்பு மையைத் தேய்த்தார். முந்நூறு வருஷத்துத் தூசு தயார்!

இவ்வளவு மெனக்கெட்டவரின் படங்களை இன்று பார்த்தால் முகங்கள் வீங்கி, இமைகள் கனத்து, 1930களின் சினிமா நடிகைகள் போல இருக்கின்றன. அதை அன்று பிரேடியஸ் பார்க்கவில்லை. வெர்மீரின் தலைசிறந்த படைப்பைக் கண்டெடுத்தவர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருந்தது. அது பண ஆசையைவிடப் பொல்லாதது என்பேன்.

சரி, கோரிங்குக்கு வருவோம். விலை 16 லட்சத்து 50 ஆயிரம் கில்டர் என்று பேசினாலும் அவர் கொடுத்தது பணமில்லை, தன் வசம் இருந்த 137 ஓவியங்கள். ஆக்கிரமித்த நாடுகளில் சுருட்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவருக்கு அது பெரிதா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். கைப்பொருள் இழந்து ஏமாந்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்ததும் அந்த ஓவியம் சிக்கியது. 1945 மே மாதம் மீகெரன் கைதானார். தேசியச் சொத்தை எதிரிக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு. தலைக்கே ஆபத்து வரலாம். சில வாரம் கழித்துத்தான், அது வெர்மீர் வரைந்ததில்லை, நான் வரைந்தது என்று ஒப்புக்கொண்டார். காவலில் இருந்தபடியே இன்னொரு ‘வெர்மீரை’ வரைந்தும் காட்டினார். துரோகி ஒரே பாய்ச்சலில் கதாநாயகன் ஆனது அப்போதுதான். தன் உயிரைக் காத்துக்கொள்ளச் சொன்ன உண்மைக்கு தேசபக்தி என்று பெயர் வைப்பானேன்? 1942இல் வெளியான தன் ஓவியத் தொகுப்பு ஒன்று ஹிட்லரின் நூலகத்தில் ‘அன்புக்குரிய தலைவருக்கு’ என்ற ஜெர்மன் வாசகத்தோடு கிடைத்தபோது, கையெழுத்து என்னுடையது, வாசகம் வேறு யாரோ எழுதியது என்றார். நாட்டுமக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த 1944 குளிர்காலத்தில் அவர் ஆம்ஸ்டர்டாமில் வீடு மேல் வீடாக வாங்கிக் குவித்த பணக்காரர். 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறை விதித்தார்கள்; அதை அனுபவிக்காமலே டிசம்பர் 30 அன்று மாரடைப்பில் இறந்துபோனார்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொருவர் ராட்டர்டாம் செல்வந்தர் வான் பேனிங்கன். ‘கடைசி இராவுணவு’ என்ற போலிக்கு லட்சக்கணக்கான கில்டர் கொட்டியவர். மீகெரன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகும் அவர் நம்பவில்லை. போலி என்று ஆய்ந்து சொன்ன பால் கோரமான்ஸ் மீதே வழக்குப் போட்டார்! வழக்கு முடியுமுன் 1955இல் அவர் இறந்தார். தீர்ப்பு கோரமான்ஸ் பக்கமே வந்தது. ஏமாற்றியவன் கையை விரித்த பிறகும் ஏமாந்தவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் பாருங்கள், மோசடியின் வீரியம் அங்கேதான் தெரிகிறது.

நம் பக்கத்தில் இதே சங்கதி தலைகீழாக நடந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை அசல், சோழர் காலத்தது; கூட வந்த காகிதம் பொய். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். யார் கையிலிருந்து வந்தது என்று துருவிக் கேட்காமல் வாங்கினார்களே, அதில் கான்பெராவும் கோரிங்கும் ஒன்றுதான்.

ஒரு வேண்டுகோள். மீகெரனின் படத்தைக் கோரிங்கிடம் சேர்த்த வியாபாரி அலோய்ஸ் மீடல், அதற்குமுன் ஆம்ஸ்டர்டாமில் ஜாக் கௌட்ஸ்டிக்கர் என்ற யூதரின் ஓவியக் கடையை கோரிங்கோடு சேர்ந்து அடிமாட்டு விலைக்கு வளைத்தவர். கௌட்ஸ்டிக்கர் 1940 மே மாதம் தப்பியோடும்போது கப்பலில் விழுந்து இறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களின் பட்டியல் எழுதிய சிறு குறிப்பேடு அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை ஆதாரமாக வைத்து அவருடைய மருமகள் போராடி, 2006இல் 202 ஓவியங்களை டச்சு அரசிடமிருந்து மீட்டார். கட்டுரையாளர் அடுத்து அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.