சிட் பாரெட்டின் கதையைக் கேட்க வந்த கோத்தகிரிக்கு நன்றி

கோத்தகிரி நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை சாயந்திரம் நம் ஊர் மண்டபத்தில், பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம், குழுவின் பழைய தோழர் சிட் பாரெட்டின் நினைவோடு உருவான கதையைச் சொல்லும் ஆவணப்படத்தைத் திரையிட்டோம். ஜான் எட்கின்டன் இயக்கி 2012இல் வந்த படம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குழுவின் பெயரே புதிது. ஆனாலும் படம் முடிந்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்படி நடக்கக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மைக் செட் அண்ணன். ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கல்யாணங்களுக்கும் பாக்ஸ் கட்டுகிறவர். ஆல்பத்தில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டு தொடங்கும்போது, கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் விரலைத் தேய்த்து எடுத்த ஒலி ஒன்று மெல்ல வரும். வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு இசைத்தட்டு போட அந்தக் குழு முயன்று, பிறகு கைவிட்டது. அந்த முயற்சியில் மிஞ்சிய ஒலி அது. கடைசி வரிசைக்கும் அது கேட்க வேண்டும் என்றோம். அண்ணன் மதியமே வந்து, அதிரும் அடி ஒலியை (பேஸ்) குறைத்து, பாக்ஸ்களைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, கடைசி நாற்காலியில் தானே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார். வாடகை எவ்வளவு என்றதற்கு, "ஜெனரேட்டர் டீசலுக்கு மட்டும் குடுங்க தம்பி" என்றார்.

படத்தை இடையிடையே நிறுத்தித் தமிழில் எடுத்துச் சொன்ன டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. குழுவுக்குப் பெயர் வைத்து, ஆரம்பப் பாட்டுகளை எழுதியவர் சிட் பாரெட். மனநலம் குலைந்ததால் 1968இல் குழுவிலிருந்து விலகினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1975 ஜூனில், அவரை நினைத்தே எழுதிய அந்த 'ஷைன் ஆன்' பாட்டின் வேலை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, பருத்த ஆள் ஒருவர் உள்ளே வந்து நின்றார். கூடவே வாசித்த நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அது சிட் என்று தெரிந்ததும், குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

இந்த இடத்தை டீச்சர் பரிதாபம் கூட்டாமல் சொன்னார். 'பைத்தியம்' என்ற சொல் அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. நம் வீடுகளிலும் இப்படி ஒருவர் பின்கட்டு அறையில் இருக்கத்தான் செய்கிறார், நாம் பேசுவதில்லை. டீச்சர் அப்படிச் சொன்னதால்தான் அரவேணுப் பக்கத்திலிருந்து வந்த அக்கா வாய் திறந்தார் என்று நினைக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர். அவர் சம்மதத்தோடு ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்: "என் தம்பியும் இப்படித்தான் ஒருநாள் வந்து நின்னான், எனக்கே யாருன்னு தெரியல." அக்கா, அத்தனை பேர் நடுவில் அதைச் சொன்னதற்கு நன்றி.

அப்புறம், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய பெரியவர். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, ரேடியோவில் நிலையம் மாற்றும் கரகரப்போடு தொடங்கும். கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் தன் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது. அதைக் கேட்டதும் பெரியவர் எழுந்து, லயன் வீட்டில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பிய ராத்திரிகளைப் பற்றிச் சொன்னார். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில், இலங்கையிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரர் பெயர் ஏதாவது வருமா என்று காத்திருப்பாராம். நான் கல்லூரி நாளிலிருந்து கேட்கிற பாட்டு அது. இனி அந்தக் கரகரப்பு வரும்போதெல்லாம் அவர் ஞாபகமும் வரும்.

குன்னூரிலிருந்து இந்த ஆல்பத்தின் பழைய எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்த ஐயாவுக்கு நன்றி. உறையில் தீப்பிடித்தபடி கைகுலுக்குகிறவர் ரோனி ரோண்டெல் என்ற ஸ்டண்ட் கலைஞர், அது நிஜத் தீ, காற்று திரும்பி அவர் மீசை கருகியது என்று சொன்னபோது பிள்ளைகள் உறையை விடவே இல்லை. கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டுக்குப் படத்தில் இடம் போதவில்லை என்பது ஐயாவின் மனக்குறை. எனக்கும் அதே எண்ணம்தான். 2008இல் காலமாகிவிட்டதால் பழைய பேட்டிகளில் மட்டுமே வருகிறார்.

அந்தக் குறையைத் தீர்த்தது தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி. ஆல்பத்தின் கடைசி நொடிகளில் ரைட், சிட்டின் பழைய பாட்டான 'சீ எமிலி ப்ளே'யின் மெட்டைச் சின்னதாகத் தொட்டுவிட்டுப் போவார். தம்பி முதலில் பழைய மெட்டை வாசித்தார், பிறகு ஆல்பத்தின் முடிவை. பல வருட ரசிகர்களே "இத்தனை நாள் கேட்டும் கவனிக்கலையே" என்றார்கள். இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னது, குழுவின் பெயரையே அன்றுதான் கேட்டவர்கள்.

டீயும் வர்க்கியும் கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும், கரடி நடமாட்டம் இருப்பதால் பெண்களையும் பெரியவர்களையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்ட ஜீப் ஓட்டுநர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

முழு ஆல்பத்தையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐயா எல்.பி.யோடு வரச் சம்மதித்துவிட்டார், மைக் செட் அண்ணனும் சரி என்றுவிட்டார். தேதி முடிவானதும் டீக்கடைப் பலகையில் எழுதி வைக்கிறோம்.

அன்புடன்,
திரையிடல் நண்பர்கள் சார்பில்,
கோத்தகிரி